தண்ணீருக்குள் ஒரு பள்ளிக்கூடம்!

குட்டீஸ், உங்களுக்கு ஒரு கேள்வி. கரும்பலகை இல்லை, பெஞ்ச் இல்லை, மணி அடிக்க ஆள் இல்லை. ஆனால், அறிவியல் உண்டு, கணக்கு உண்டு, தமிழ் உண்டு, வரலாறும் புவியியலும் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டே படிக்கலாம். அது எந்தப் பள்ளிக்கூடம்?

யோசியுங்கள். அதற்குள் இன்னொரு விஷயம் சொல்லிவிடுகிறோம்.

உங்கள் வகுப்பில் ஓர் இடம் வாரத்தில் சில நாட்கள் காலியாக இருக்கிறதா? "அவன் தெரபிக்குப் போயிருக்கான் டீச்சர்" என்று யாராவது பதில் சொல்வார்கள். பிறவியிலேயே தசை இறுக்கம் உள்ள குழந்தைகள், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள், விபத்தில் காலில் அடிபட்டு மறுபடி நடக்கப் பழகுகிறவர்கள் என்று பலருக்கும் இயன்முறை மருத்துவர்கள் பயிற்சி தருகிறார்கள். பிசியோதெரபி என்கிறோமே, அதுதான். அதில் ஒரு வகை நீர் சிகிச்சை. வெதுவெதுப்பான நீர் நிரம்பிய தொட்டியில் இறங்கி, பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, நடப்பது, மிதப்பது, மூச்சு விடுவது எல்லாம் அங்கே பாடம்.

அந்த நண்பனுக்கு ஒரு கவலை உண்டு. "நான் அங்கே போகும்போதெல்லாம் இங்கே பாடம் போய்விடுகிறதே" என்பதுதான் அது. திரும்பி வந்தால் நோட்டில் நாலு பக்கம் பாக்கி. கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படி புரியாது. கொஞ்சம் கொஞ்சமாக, "நமக்குப் படிப்பு வராது போலிருக்கு" என்று மனசே சோர்ந்துவிடும். அது நீங்களாகவும் இருக்கலாம்.

அந்தக் கவலையைத் தண்ணீரிலேயே கரைத்துவிடலாம் வாருங்கள். சிகிச்சைத் தொட்டிக்குள் நடப்பது எல்லாமே பாடம்தான். அதைப் பாடமாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது அல்லவா? சரி, மணி அடித்தாயிற்று. வகுப்புக்குப் போவோமா?

முதல் பீரியட்: அறிவியல்

கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்கிறீர்களா? நிரம்பிய வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாகத்தான் இருக்கும். மேலே வந்ததுமே, அப்பாடா, என்ன கனம்! வாளியும் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை. பிறகு கனம் எங்கே இருந்து வந்தது?

நீருக்குள் இருக்கும் பொருளை நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. இதற்கு மிதப்பு விசை என்று பெயர். ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடை அளவுக்கு மேல்நோக்கிய தள்ளல் கிடைக்கும். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன், சிசிலித் தீவின் சிரகூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடிஸ் கண்டு சொன்ன உண்மை இது. குளியல் தொட்டியில் இறங்கியபோது இது பிடிபட்டது என்றும், "யுரேகா!" என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினார் என்றும் ஒரு கதை சொல்வார்கள்.

நீர் சிகிச்சையின் முதல் ரகசியமும் இதுதான். தரையில் தன் எடையைத் தாங்க முடியாத கால்கள், தண்ணீரில் தாங்கிவிடும். தரையில் விழுந்தால் அடிபடும். தண்ணீரில் சாய்ந்தால், நீர் மெதுவாகத்தான் விடும். பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளர் அதற்குள் பிடித்துக்கொள்வார். அதனால் பயம் குறைகிறது. பயம் குறைந்தால் தசையின் விறைப்பும் குறையும்.

இரண்டாவது ரகசியம் வெப்பம். நம் உடலின் வெப்பநிலை சுமார் 37 டிகிரி செல்சியஸ். சிகிச்சைத் தொட்டியின் நீரைப் பெரும்பாலும் 33 முதல் 35 டிகிரி வரை வைத்திருப்பார்கள். ஏன் தெரியுமா? காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்ந்த நீரில் இறங்கினால் உடல் சூடு சட்டென்று பறிபோய்த் தசைகள் இறுகிவிடும். வெதுவெதுப்பான நீரில் இறுகிய தசை தளரும்.

மூன்றாவது ரகசியம் தடை. காற்றைவிட நீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. நீருக்குள் உள்ளங்கையை விரித்து வேகமாக வீசிப் பாருங்கள். யாரோ எதிரே நின்று தள்ளுவது போல இருக்கும். இப்போது கையைக் கத்தி போலத் திருப்பி வீசுங்கள், சுலபமாகப் போகும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆக, தொட்டிக்குள் எடைக்கல் இல்லாமலேயே உடற்பயிற்சி செய்யலாம். மெதுவாக அசைத்தால் லேசு, வேகமாக அசைத்தால் கனம்.

நான்காவது, அழுத்தம். மார்பளவு நீரில் நிற்கும்போது நாலா பக்கமும் நீர் மார்பை அழுத்துகிறது. மூச்சை உள்ளே இழுக்க மூச்சுத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். வாயால் நீரில் குமிழி விடச் சொல்வது விளையாட்டுக்காக மட்டும் அல்ல. அது நுரையீரலுக்கான உடற்பயிற்சி. கூடவே, வாயில் நீர் புகாமல் மூச்சு விடும் பழக்கமும் வந்துவிடும்.

வீட்டில் செய்து பாருங்கள்: ஒரு வாளி நீரில் கமலா ஆரஞ்சு ஒன்றைப் போடுங்கள். மிதக்கும். அதையே தோலை உரித்துவிட்டுப் போடுங்கள். மூழ்கும்! எடை குறைந்த பிறகு ஏன் மூழ்குகிறது? தோலில் நிறையக் காற்று இருக்கிறது. தோல்தான் ஆரஞ்சின் லைஃப் ஜாக்கெட்!

இரண்டாம் பீரியட்: கணக்கு

இடுப்பளவு நீரில் நின்றால், கால்கள் தாங்க வேண்டிய எடை ஏறக்குறையப் பாதி. மார்பளவு என்றால் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு என்றால் சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

உங்கள் எடை 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இடுப்பளவு நீரில் கால்கள் தாங்குவது 15 கிலோ, மார்பளவில் 10 கிலோ, கழுத்தளவில் வெறும் 3 கிலோ! பின்னம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்குத் தண்ணீர் சொல்லும் பதில் இது. பயிற்சியாளர்கள் ஆழமான இடத்தில் தொடங்கி, கால்கள் பலப்படப் பலப்பட ஆழம் குறைந்த பக்கம் அழைத்து வருவதற்கும் இதுவே காரணம். பின்னத்தின் படிகளில் ஏறி ஏறித்தான் கால்கள் தரைக்குத் திரும்புகின்றன.

இப்போது கன அளவு. தொட்டியின் நீளம் 6 மீட்டர், அகலம் 4 மீட்டர், நீரின் ஆழம் 1 மீட்டர் என்றால் கன அளவு 24 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர். அப்படியானால் 24,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் நிரப்பினால் எத்தனை குடம்? 1,600 குடம். அடேங்கப்பா!

இந்த மீட்டர், லிட்டர் எல்லாம் எந்த நாட்டுச் சரக்கு தெரியுமா? பிரான்ஸ் நாட்டுடையது. 1795-ல் அங்கே சட்டமாக வந்த அளவை முறை அது. காரைக்காலுக்கும் பிரான்சுக்கும் என்ன உறவு என்று காரைக்கால் குட்டீஸுக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன? 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர் அல்லவா!

கணக்குப் பாடத்தில் இன்னொன்று, வரைபடம். ஒரே மூச்சில் எத்தனை விநாடி குமிழி விட முடிகிறது? கைப்பிடியை விட்டுவிட்டு எத்தனை விநாடி நிற்க முடிகிறது? எத்தனை அடி நடக்க முடிகிறது? ஒவ்வொரு வாரமும் எழுதி, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். கோடு சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும், சில வாரம் அப்படியே இருக்கும். காய்ச்சல் வந்த வாரம் இறங்கினால் அது தோல்வி அல்ல, அதுவும் ஒரு தகவல். பக்கத்து வீட்டுப் பையனின் கோட்டோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் கோட்டை உங்களுடைய போன மாதக் கோட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மூன்றாம் பீரியட்: தமிழ்

நீரில் என்னென்ன செய்கிறோம்? மிதக்கிறோம், மூழ்குகிறோம், நீந்துகிறோம், துழாவுகிறோம், அளைகிறோம், தெளிக்கிறோம், உந்துகிறோம். எல்லாம் வினைச்சொற்கள்! "காலை உந்து, கையைத் துழாவு, தலையைச் சாய்" என்று பயிற்சியாளர் சொல்வதெல்லாம் ஏவல் வினை. ஒவ்வொரு சொல்லையும் உடலால் செய்து பார்த்துக் கற்றால் பிறகு மறக்குமா?

நீர் நிற்கும் இடங்களுக்கு மட்டும் தமிழில் எத்தனை பெயர்! குளம், ஏரி, கேணி, ஊருணி, கண்மாய், மடு, பொய்கை... ஒவ்வொன்றுக்கும் என்ன வேறுபாடு என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள்.

காரைக்கால் என்றாலே நினைவுக்கு வருபவர் காரைக்கால் அம்மையார். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்களே, அவருக்கான விழாதான் அது. அவர் எழுதிய அற்புதத் திருவந்தாதி, அந்தாதி வகை நூல்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. அந்தாதி என்றால் என்ன? அந்தம் என்றால் முடிவு, ஆதி என்றால் தொடக்கம். ஒரு பாட்டு முடியும் எழுத்தோ சொல்லோ அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும்.

இதைத் தண்ணீரில் விளையாடலாமா? பயிற்சியாளர் "படகு" என்கிறார். ஓர் அடி எடுத்து வைத்து நீங்கள் "குளவி" என்கிறீர்கள். அவர் "விறகு". நீங்கள் அடுத்த அடி வைத்து, "குருவி". இப்படி ஓர் அடிக்கு ஒரு சொல். தொட்டியின் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை சொல் வந்தது? நடை, மூச்சு, நினைவாற்றல், தமிழ் என நாலும் ஒரே நேரத்தில் வளரும். வலி மறந்துபோவது கூடுதல் லாபம்.

ஆங்கில வகுப்புக்கும் ஒரு செய்தி. கேட்டமரன் என்று ஆங்கிலத்தில் ஒரு வகைப் படகைச் சொல்கிறார்கள். அது எங்கிருந்து போன சொல்? நம் கடற்கரையின் கட்டுமரம்தான்!

நான்காம் பீரியட்: வரலாறு

நீரை நல்வாழ்வோடு சேர்த்துப் பார்ப்பது புதிது அல்ல. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். 4,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. நீளம் ஏறக்குறைய 12 மீட்டர், அகலம் 7 மீட்டர், ஆழம் 2.4 மீட்டர். விளிம்புவரை நிரப்பினால் எத்தனை லிட்டர் பிடிக்கும்? முந்தைய பீரியடில் படித்ததை வைத்துக் கண்டுபிடியுங்கள். விடை கடைசியில்.

1921-ம் ஆண்டு. அமெரிக்காவில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் என்பவருக்கு 39 வயதில் நோய் தாக்கி, கால்கள் செயலிழந்தன. போலியோ என்றார்கள் மருத்துவர்கள். 1924-ல் அவர் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே ஊற்று நீர் இயற்கையாகவே சுமார் 31 டிகிரி வெதுவெதுப்பு. அதில் பயிற்சி செய்தார். கால்கள் பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் பலமும் நம்பிக்கையும் வந்தன. 1926-ல் அந்த இடத்தையே வாங்கி, மறு ஆண்டு போலியோ பாதித்தவர்களுக்கான சிகிச்சை மையமாக்கினார். பிறகு நான்கு முறை அமெரிக்க ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேறு எவரும் இத்தனை முறை தேர்ந்தெடுக்கப்பட்டது இல்லை.

1949-ல் லண்டனில், ஹாலிவிக் என்ற பள்ளியின் மாணவிகளுக்கு ஜேம்ஸ் மக்மில்லன் நீச்சல் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவர் டாக்டர் அல்ல, ஒரு பொறியாளர்! உடல் ஊனமுற்ற அந்தச் சிறுமிகள் நீரில் எப்படிச் சமநிலை இழக்கிறார்கள், எப்படி மீட்கிறார்கள் என்று கவனித்து ஒரு முறையை உருவாக்கினார். மிதவைகளைக் கட்டிவிடுவதற்குப் பதிலாக, ஒரு மாணவருக்கு ஒரு பயிற்சியாளர். உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் மாணவர் தானே நீந்துவார். பாட்டும் விளையாட்டும் சேர்ந்த இந்த ஹாலிவிக் முறையைப் பல நாடுகளில் இன்றும் பின்பற்றுகிறார்கள்.

நம் நாட்டுக் கதை இன்னும் சுவையானது. மகாராஷ்டிராவைச் சேர்ந்த முரளிகாந்த் பெட்கர், ராணுவ வீரர், குத்துச்சண்டை வீரரும்கூட. 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சிகிச்சையின் பகுதியாகத்தான் நீச்சலுக்கு வந்தார். 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டரை 37.33 விநாடிகளில் நீந்தி, உலக சாதனையுடன் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கணக்கு நோட்டை எடுங்கள்: 50-ஐ 37.33-ஆல் வகுத்தால் அவர் வேகம் விநாடிக்கு எத்தனை மீட்டர்?

சென்னையில் மாதவி லதா என்பவரும் அப்படித்தான். குழந்தையிலேயே போலியோ. பெரியவரான பிறகு நீர் சிகிச்சைக்காக நீச்சல் குளத்தில் இறங்கினார். அங்கே நீந்தக் கற்று, போட்டிகளில் பதக்கம் வென்று, சக்கர நாற்காலிக் கூடைப்பந்தை இந்தியாவில் வளர்ப்பதிலும் முன்நின்றார்.

ஒரு நல்ல செய்தி: இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில். 2014-ல் நம் நாடு போலியோ ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. நீங்கள் குழந்தையாக இருந்தபோது வாயில் விட்ட சொட்டு மருந்தின் மகிமை அது!

ஐந்தாம் பீரியட்: புவியியல்

தொட்டியில் உள்ள நீர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், குடகு மலை வரைக்கும் போகலாம்.

காரைக்காலின் கிழக்கே வங்காள விரிகுடா. மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. ஆனால் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. புதுச்சேரியின் நான்கு பகுதிகளையும் வரைபடத்தில் தேடுங்கள். புதுச்சேரியும் காரைக்காலும் வங்கக் கடலோரம், மாஹே கேரளப் பக்கம் அரபிக் கடலோரம், ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில். நான்குமே தண்ணீரின் பிள்ளைகள்.

தலைக்காவிரியில் பிறக்கும் காவிரி, மேட்டூர் அணையில் தங்கி, டெல்டாவில் பல கிளைகளாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளை அரசலாறு. கும்பகோணம் வழியாக வந்து காரைக்காலில் கடலைச் சேர்கிறது. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால், "தண்ணி எப்ப வரும்?" என்று கடைசியாகக் காத்திருப்பது நம் கடைமடைப் பகுதிதான். தொட்டியில் இறங்கும்போது, இது எத்தனை பேர் காத்திருந்த தண்ணீர் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நன்னீர் உப்பு நீராகிறது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதனால் அடர்த்தி கொஞ்சம் அதிகம், மிதப்பதும் கொஞ்சம் எளிது. சோதிக்க வேண்டுமா? ஒரு டம்ளர் சாதா நீரில் பச்சை முட்டையைப் போடுங்கள், மூழ்கும். ஒவ்வொரு ஸ்பூனாக உப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் முட்டை மேலே வரும். எத்தனையாவது ஸ்பூனில்? எழுதி வையுங்கள்.

வீட்டுப்பாடம்: நீர்க் குறிப்பேடு

சிகிச்சைக்குப் போகும் குட்டீஸ், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அட்டையில் "நீர்க் குறிப்பேடு" என்று எழுதுங்கள். வீடு திரும்பியதும் ஐந்து வரி போதும்: தேதி, நீரின் வெப்பநிலை, இன்று அளந்த ஓர் எண், இன்று கற்ற ஒரு சொல், மனதில் எழுந்த ஒரு கேள்வி. எழுதக் கை ஒத்துழைக்காவிட்டால் வாயால் சொல்லுங்கள். அம்மாவோ அக்காவோ எழுதட்டும். பேச்சு வராதவர்கள் படம் வரையலாம், படத்தைத் தொட்டுக் காட்டலாம். களைப்பாக இருக்கும் நாளில் ஒன்றும் எழுத வேண்டாம். தண்ணீரில் சும்மா மிதந்து சிரிக்கவும் ஒரு நாள் வேண்டும் அல்லவா?

ஒரு பாடம் முடியும்போது நோட்டை ஆசிரியரிடம் காட்டுங்கள். மிதப்பு விசை பாடத்துக்கு உங்களைவிட நல்ல சாட்சி வகுப்பில் வேறு யார்? உங்களையே எழுப்பி, "நீ சொல்லுப்பா" என்று கேட்கக்கூடும்.

இது மற்ற குட்டீஸுக்கு: பக்கத்து இடம் காலியாக இருக்கும் நாளில், உங்கள் நோட்டை உங்கள் நண்பனுக்காக எடுத்து வையுங்கள். அவன் வந்ததும் "பாவம்" என்று சொல்லாதீர்கள். "இன்னைக்குத் தண்ணியில என்ன கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். நீங்கள் ஒரு பாடம் கொடுங்கள், அவனிடம் ஒரு பாடம் வாங்குங்கள். கணக்கு நேராகிவிடும்!

ஒரு முக்கிய எச்சரிக்கை

நீர் சிகிச்சையை டாக்டரிடம் கேட்டு, பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் உடன் இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். வலிப்பு வருபவர்கள், காய்ச்சலோ ஆறாத புண்ணோ இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு அரசலாற்றிலோ, கடலிலோ, கோயில் குளத்திலோ தனியாக இறங்கவே கூடாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும்தான்!

விடைகள்: மொகஞ்சதாரோ பெருங்குளம்: 12 × 7 × 2.4 = 201.6 கன மீட்டர், அதாவது 2,01,600 லிட்டர். முரளிகாந்த் பெட்கரின் வேகம்: விநாடிக்குச் சுமார் 1.34 மீட்டர்.

இரண்டும் சரியா? சபாஷ்! தவறா? பரவாயில்லை, நோட்டில் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அடுத்த முறை உங்கள் நண்பன் தண்ணீரிலிருந்து வரும்போது, அவனிடமும் ஒரு கணக்கு கேளுங்கள்.